மாட்டைக் குறை சொல்லும் முன் மண்ணைப் பாருங்கள்

மதுராந்தகம் பக்கம் எங்கள் அக்காவும் மாமாவும் ரெண்டேகால் ஏக்கரில் நெல் வைக்கிறார்கள். ரெண்டு கறவை உண்டு. போன வருஷம் அதில் ஒன்றை அடிமாட்டுக்குக் கொடுத்துவிட மாமா முடிவு செய்திருந்தார். மூணு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. வியாபாரி முன்பணமும் கொடுத்தாயிற்று.

நான் போயிருந்தபோது அந்த மாட்டைப் பார்த்தேன். மினுமினுப்பு போய் ரோமம் வெளுத்துக் கிடந்தது. கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பை நக்கி நக்கிச் செங்கல் தெரிந்தது. கயிறு, கந்தல், கவர் எது கிடைத்தாலும் மெல்லும். "இந்தக் கெட்ட பழக்கம் போகவே மாட்டேங்குது" என்று அக்கா குச்சியை எடுத்தாள். அது பழக்கம் இல்லை, பசி. வயிறு முட்ட வைக்கோல் தின்ற மாட்டுக்கும் வருகிற பசி. பாஸ்பரஸ் மாதிரி தாதுக்கள் குறைந்தால் மாடு மண்ணையும் சுவரையும் நக்கும், எலும்பைக் கூடக் கடிக்கும். தாமிரம் குறைந்தால் ரோமம் நிறம் மங்கும். துத்தநாகமும் (ஜிங்க்) தாமிரமும் குறைந்தால் பருவத்துக்கு வருவதே தடுமாறும்.

அதே வருஷம் அவர்கள் வயலிலும் ஒரு கூத்து நடந்தது. நவரைப் பட்டத்து நெல் நட்டு இருபது நாளில் பயிர் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. அடி இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி புள்ளி. உரக்கடையில் நோய் என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள், பச்சை கட்டட்டும் என்று ஒரு மூட்டை யூரியாவும். ரெண்டையும் போட்டார் மாமா. பயிர் அசையவில்லை. பிறகு பார்த்தால் துத்தநாகப் பற்றாக்குறை. 1966லேயே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற விஞ்ஞானி, வடக்கே 'கைரா' என்று சொல்லும் இந்த நெல் நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகக் குறைவுதான் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் மாமாவுக்கு அதற்குப் பூஞ்சாண மருந்து விற்கிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

என் வாதம் இதுதான்: மாட்டுக்கு வந்ததும் பயிருக்கு வந்ததும் ரெண்டு பிரச்சினை இல்லை. மண்ணில் இல்லாதது வைக்கோலில் இல்லை. வைக்கோலில் இல்லாதது மாட்டில் இல்லை. வைக்கோலில் உள்ள ஆக்சலேட் வேறு, இருக்கிற கொஞ்ச சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முன்பு மட்டும் எப்படி விளைந்தது என்று கேட்பீர்கள். கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளிப் போட்டார்கள். கொளிஞ்சியும் எருக்கும் சேற்றில் மிதித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். எடுத்ததில் பாதியாவது திரும்பிப் போனது. இப்போது நெல்லும் போகிறது, வைக்கோலும் கட்டுக்கட்டாக லாரியில் போகிறது. திரும்பி வருவது யூரியாவும் டிஏபியும். தண்ணீர் கட்டியே கிடக்கிற வயலில் துத்தநாகம் வேருக்குக் கிடைக்காமல் முடங்கும். டிஏபியில் உள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) அதிகம் கொட்டினால் இன்னும் மோசம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 'தொண்ணூறு மைல் பாலைவனம்' என்றே பெயர் வைத்துவிட்ட பெரிய நிலப்பரப்பு ஒன்று இருந்தது. மழைக்குக் குறைவில்லை, ஆனாலும் பயிர் வராது. 1940களில் அந்த மண்ணில் தாமிரமும் துத்தநாகமும் இல்லை என்று கண்டுபிடித்து, ஏக்கருக்குச் சில கிலோ தாமிர, துத்தநாக உப்பு போட்டதும் மேய்ச்சல் நிலமாக மாறியது. பெயரையே மாற்றினார்கள். அதே நாட்டின் கடற்கரைப் பகுதிகளில் பச்சைப் புல்லுக்கு நடுவே நின்றுகொண்டே ஆடுகள் மெலிந்து செத்தன. கோபால்ட் குறைவு என்று 1930களில் தெரிந்தது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டை வைத்துத்தான் பி12 வைட்டமின் தயாரிக்கின்றன. அது இல்லையென்றால் புல் இருந்தும் பட்டினி. இதைப் படித்த அன்று அக்கா வீட்டுக் கொட்டகைச் சுவர்தான் எனக்குக் கண்ணில் நின்றது.

செலவு என்று யாரும் தயங்க வேண்டாம். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், மணலில் கலந்து, நடுவதற்கு முன் தூவ வேண்டும். டிஏபியோடு கலக்கவே கூடாது. பசுந்தாள் உரம் மிதித்த வயலுக்கு அதில் பாதி போதும். நிலக்கடலையோ கரும்போ மஞ்சளித்தால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்கலாம். கறவை மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் கை முதலில் அதற்குத்தான் போகிறது. கிராம் கணக்கில் வேண்டியதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அதற்காக எல்லாச் சத்தும் ஒரே பாட்டிலில் என்று விற்பதை வாங்கி ஊற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். போரான் கொஞ்சம் கூடினாலும் பயிர் கருகும். மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்கு வைத்தால் அதிலுள்ள தாமிரமே விஷமாகும். 2015ல் தொடங்கிய, மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் உட்பட 12 விவரங்கள் இருக்க வேண்டும். எங்கள் மாமாவிடமும் அட்டை உண்டு. பீரோவில், பாஸ்புக்குக்கு அடியில், மடிப்புக் கலையாமல்.

அந்த மாட்டை விற்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். கால்நடை மருத்துவர் பார்த்துக் கருப்பையில் கோளாறு இல்லை என்றார், குடற்புழு மருந்து கொடுத்தார், தாது உப்பு எழுதினார். நான் மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அவர்கள் தயாரிக்கிற கலவையையே வாங்கிக் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறினேன். மூணாம் மாசம் பருவம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது அஞ்சு மாசச் சினை. உப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், புழு மருந்துக்கும் பங்கு உண்டு. சுவரை நக்குவது நின்றுவிட்டது, அது எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு அந்த வயலில் மண் எடுக்கப் போகிறோம். வரப்போரம், மர நிழல், எருக்குப்பை போட்ட இடம் விட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு எடுத்து, கலந்து, அரைக் கிலோ மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மம்பட்டியால் வெட்டிய பிறகு, இரும்பு பட்ட மண்ணை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நுண்ணூட்டக் கணக்கே தப்பாகும். மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் நிலம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அன்றைக்கே உங்கள் வயலுக்கும் வருகிறோம்.