சிடி பிளேயர் வாங்கப் போகிறீர்களா? வீட்டில் இருப்பதிலேயே மோசமான சிடியைக் கையோடு எடுத்துப் போங்கள்

என் பழைய சிடி பிளேயர் ஐந்து வருடம்கூட ஓடவில்லை. டிரே உள்ளே போகும், டிஸ்க் ரெண்டு சுற்று சுற்றும், லென்ஸ் மேலும் கீழும் 'க்ளிக் க்ளிக்' என்று அலையும், அப்புறம் டிஸ்ப்ளேயில் 'நோ டிஸ்க்' என்று வரும். முழு டிஸ்க்கை விழுங்கிவிட்டு, 'அப்படி எதுவும் நீ தரவே இல்லையே' என்று சாதிக்கிற மெஷின். (பிராண்ட் எது என்று கேட்காதீர்கள். அதன் ரசிகர்கள் என் நட்புப் பட்டியலிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.)

அதை வாங்குவதற்கு முன் மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக ஸ்பெக் ஷீட் படித்தவன் நான். உள்ளே எந்த டாக் சிப் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றுவது), எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று ஒப்பித்திருப்பேன். மெக்கானிசம் எப்படிப்பட்டது, டிஸ்க்கைப் படிக்கிற லேசர் பிக்கப் போனால் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் யோசிக்கவே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இதுல பாட்டு வர்ற பகுதி உங்க பையன் காலம் வரைக்கும் வரும். படிக்கிற பகுதிதான் போயிடுச்சு." அந்த மாடலுக்கு ஒரிஜினல் பிக்கப் கிடைக்கவில்லை. டூப்ளிகேட் போட்டு ஆறு மாதம் ஓட்டினோம், அவ்வளவுதான்.

அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன சிடிக்கள் வீட்டில் இருநூற்றுச் சொச்சம் இருக்கின்றன. அதனால் இந்த வருடம் மறுபடி வாங்க வேண்டி வந்தது. பட்ஜெட் 30,000 முதல் 60,000 ரூபாய் வரை. நடுத்தரம் என்று நான் சொல்வது இதைத்தான். லட்சத்துக்கு மேல் போகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

முதலில் சிப் விஷயத்தை முடித்துவிடலாம். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதியிருப்பார்கள். சோனியின் முதல் சிடி பிளேயரான சிடிபி-101 ஜப்பானில் 1982 அக்டோபர் 1 அன்று 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இது மாறவில்லை. அப்போது பிலிப்ஸ் தன் முதல் பிளேயர்களில் 14 பிட் சிப்பைத்தான் போட்டது, ஓவர்சாம்ப்ளிங் செய்து (இடையிடையே கூடுதல் அளவுகளைக் கணக்கிட்டுச் சேர்த்து) சமாளித்தது. அவற்றை இன்றைக்கும் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறார்கள். இன்று மராண்ட்ஸ் சிடி6007-இல் இருக்கும் ஏகே4490 சிப் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் வரை கையாளும். நல்ல சிப்தான். ஆனால் நீங்கள் போடுகிற சிடியில் அந்த 16 பிட்டுக்கு மேல் ஒரு பிட்டும் இல்லையே! இந்த விலையில் வருகிற எந்த உருப்படியான பிளேயரிலும் இருக்கும் சிப் சிடிக்குத் தேவையானதைவிட அதிகமாகவே செய்கிறது. என் கருத்து இதுதான், சண்டை போடுகிறவர்கள் போடலாம்.

சிக்கலெல்லாம் படிக்கிற இடத்தில். டிஸ்க்கில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். அதை 780 நானோமீட்டர் லேசர் ஒன்று கீழிருந்து துரத்திக்கொண்டே போக வேண்டும். உள்பக்கம் படிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று, வெளி ஓரத்துக்கு வரும்போது 200 சுற்று என்று வேகம் மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்க் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் லென்ஸ் கூடவே ஏறி இறங்க வேண்டும். கீறல் விழுந்து தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போனால்கூட, பிழை திருத்தும் ஏற்பாடு அதை அப்படியே மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் பக்கத்துத் தகவலை வைத்து ஒப்பேற்றும். அதுவும் முடியாதபோதுதான் நமக்குத் தெரிந்த அந்த 'டக் டக் டக்'. இதில் எந்த இடத்தில் ஒரு பிளேயர் கையைத் தூக்குகிறது என்பது அதன் லென்ஸையும், லென்ஸைத் தடத்திலேயே நிறுத்துகிற சர்வோவையும் பொறுத்தது. அந்த விவரம் எந்த விளம்பரத்திலும் வராது.

ஆகவே இந்த முறை கடைக்கு ரெண்டு சிடி எடுத்துப் போனேன். ஒன்று, அப்பா விரல் தேயத் தேயக் கேட்ட கச்சேரி சிடி. இன்னொன்று என் தங்கை கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், வீடியோகாரர் 2004-இல் சிடி-ஆரில் எரித்துக் கொடுத்தது. மேலே பச்சை மார்க்கரில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும். கடையில் வாங்குகிற சிடியில் தகவல் குழிகளாக இருக்கும். வீட்டில் எரிக்கிற சிடி-ஆரில் குழி கிடையாது, சாயம்தான். அது வருடக்கணக்கில் மங்கும்.

கடைக்காரப் பையன் வழக்கம்போல ஒரு பெண் மெதுவாகப் பாடுகிற ஜாஸ் சிடியைப் போட்டான். எல்லாப் பிளேயரிலும் நன்றாக இருந்தது, அதற்காகவே எடுக்கப்பட்ட ரெக்கார்டிங் ஆயிற்றே. நான் பையிலிருந்து கல்யாண சிடியை எடுத்ததும் அவன் முகம் மாறிவிட்டது. முதல் பிளேயர் அரை நிமிடம் சுற்றிவிட்டுத் துப்பிவிட்டது. ரெண்டாவது எடுத்துக்கொண்டது, ஆனால் மூன்றாவது பாட்டில் தவில் வரும் இடத்தில் நின்றுவிட்டது. மூன்றாவது ஒரு யமஹா சிடி-எஸ்303. பத்து விநாடி யோசித்தது, அப்புறம் கடைசிவரை ஓடியது. ஒரே ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லலாமா என்றால், கூடாதுதான். ஆனால் நான் கேட்கப்போவது என் டிஸ்க்குகளைத்தானே.

கடையில் ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சிடி பிளேயரின் அவுட்புட் பொதுவாக 2 வோல்ட். சில மாடல்கள் 2.3 வோல்ட் வரை தரும். வித்தியாசம் 1.2 டெசிபல்தான், 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தெரியாது, 'இதில் தெளிவு அதிகம்' என்றுதான் தோன்றும். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) வால்யூமைச் சரிக்குச் சரி வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோது, பாதி 'தெளிவு' காணாமல் போனது.

"பழைய டிவிடி பிளேயரே போதுமே" என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் நடுவில் நாலு மாதம் அதைத்தான் ஓட்டினேன். கோஆக்சியல் என்கிற டிஜிட்டல் வயரில், தனிப் பெட்டியாக வருகிற வெளி டாக்குக்குக் கொடுத்தால் சத்தத்தில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் கச்சேரி சிடிக்களில் தனி ஆவர்த்தனத்தைத் தனி டிராக்காகப் பிரித்திருப்பார்கள். பல்லவி முடிந்து மிருதங்கம் தொடங்குகிற இடத்தில் டிராக் மாறும், கச்சேரி நிற்காது. என் டிவிடி பிளேயர் அங்கே அரை விநாடி மூச்சு விட்டது. தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த அரை விநாடி, படி இருக்கிறதென்று காலை வைத்தால் படி இல்லாத மாதிரி. யுஎஸ்பியில் எம்பி3 போட்டாலும் பல பிளேயர்களில் இதே கதை. கடையிலேயே இதையும் சோதித்துவிடுங்கள்.

ஏற்கெனவே நல்ல டாக் வைத்திருப்பவர்கள் கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்சி, ஆடியோலாப் 6000சிடிடி மாதிரி வெறும் டிரான்ஸ்போர்ட்டை (டிஸ்க்கைப் படித்து டிஜிட்டலாகவே வெளியே அனுப்புவது, உள்ளே டாக் இல்லாதது) பார்க்கலாம். இவற்றில் அனலாக் அவுட்புட்டே கிடையாது, தெரியாமல் வாங்கி ஆம்பில் சொருக இடம் தேடாதீர்கள். ஹெட்போனில் ராத்திரி கேட்பவர்களுக்கு மராண்ட்ஸ் சிடி6007-இல் முன்பக்கமே வால்யூமோடு ஜாக் இருக்கிறது, அது நல்ல வசதி. ஆம்பும் ஸ்பீக்கரும் சுமார் என்றால் பிளேயரில் இவ்வளவு பணம் போடுவதே வீண், அந்தக் காசில் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

ஜப்பானிலிருந்து வருகிற பழைய மாடல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பின்பக்க ஸ்டிக்கரைப் பார்க்காமல் சொருகாதீர்கள். 100 வோல்ட் என்று போட்டிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். நேராக நம் 230-இல் சொருகினால் புகைதான்.

புகை என்றதும் ஞாபகம் வருகிறது. ரிச்சி தெருக்காரர் என் பழைய பிளேயரின் லென்ஸைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்துக் காட்டினார். பஞ்சு பழுப்பாகிவிட்டது. "வீட்ல சாம்பிராணி போடுவீங்களா?" வெள்ளிக்கிழமை தவறாமல் போடுவோம். பூஜை அலமாரிக்கு அடுத்ததாகவே பிளேயரை வைத்திருந்தேன். புதியது இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் வருத்தம், அங்கே காலண்டர் இருந்தது.

அந்த யமஹாவை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. தங்கை போன வாரம் வந்தபோது கல்யாண சிடியைப் போட்டேன், ஓடியது. இந்த முறை யோசிக்கப் பதினைந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரியே அதை லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். மூன்றாவது பாட்டில் மட்டும் டிரைவ் திணறித் திணறி ஒருவழியாகப் படித்தது.