ஹெரிடேஜ் சான்றிதழ் சொல்வது எது, சொல்லாதது எது

ஒரு கருத்து இப்படிப் பகிரப்படுகிறது: 1960-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் ஈ-டைப்புக்கு ஹெரிடேஜ் சான்றிதழ் (தயாரிப்புப் பதிவின் நகல் போன்ற காகிதம்) இருந்தால், இன்று அதில் உள்ள இன்ஜினும் பாடியும் தொழிற்சாலையில் பூட்டியவையே.

சான்றிதழ் அப்படிச் சொல்வதில்லை. ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் அதைத் தருவது பழைய தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்து. சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள், முதலில் அடித்த நிறம், தயாரித்த தேதி, அனுப்பிய தேதி, எந்த டீலருக்குப் போனது என்பவை அதில் இருக்கும். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உள்ள தொழிற்சாலையை விட்டுப் போனபோது வண்டி எப்படி இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. அப்புறம் எத்தனை கை மாறியது, எந்த ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் வராது. காரை நேரில் பார்த்து எழுதித் தரும் காகிதமே இல்லை அது.

சரிபார்ப்பது எளிது. ஒரு டார்ச் போதும். ஆறு சிலிண்டர் ஈ-டைப்பில் பானட்டைத் திறந்து, இன்ஜின் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அதே எண் இருக்க வேண்டும். கார் எண், அதாவது சேசிஸ் எண், முன் சப்ஃபிரேமின் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) வலப்பக்கம், ஷாக் அப்சார்பர் மவுன்ட் அருகே குத்தப்பட்டிருக்கும். இவற்றைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இந்த எண்களைப் பொறித்து காரில் பொருத்திய தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், புதுத் தகடு செய்து ரிவெட் அடிப்பது பெரிய வேலையில்லை. எண்ணைச் சுற்றி உலோகம் புதிதாகத் தேய்க்கப்பட்டிருந்தால், ரெஸ்டோரேஷன் பில்களையும் அப்போது எடுத்த படங்களையும் கேளுங்கள்.