வியர்வையைப் பார்த்துப் பயிற்சியை எடை போடாதீர்கள்

மே மாதம் வந்தால் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கமெல்லாம் கோடைச் சிலம்ப வகுப்புகள் களைகட்டிவிடும். பிள்ளையின் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தால் 'இன்னைக்கு நல்ல பயிற்சி' என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். மாஸ்டர்களிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

டெல்டாவில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது பாதி ஆவியாகாமலே வழிந்து போகிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, நீர்ச்சத்தும் குறைகிறது. அதனால் ஒரே வேகத்தில் கம்பு சுற்றினாலும் நேரம் ஆக ஆக நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வெயில் செய்த வேலையைப் பயிற்சியின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

சரி, நாடித்துடிப்பை அளக்க ஸ்மார்ட் வாட்ச் கட்டினால்? அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தைப் படிக்கிறது. சிலம்பத்தில் ஓயாமல் சுழல்வதே மணிக்கட்டுதான், பிடியும் இறுகியிருக்கும். அந்த இடத்தில் எண் தவறுவது சகஜம். நெஞ்சில் கட்டும் பட்டை இதைவிட நம்பகமானது. ஆனால் சில நொடிகள் பாய்ந்து தொட்டுவிட்டு விலகும் ஆட்டத்தில், துடிப்பு ஏறுவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது காசில்லாத வழி. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதை எண்ணாகச் சொல்லும் அளவுகோலை உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க். அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி, அன்றைய பயிற்சியின் சுமையைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர். பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, '0லேருந்து 10க்குள்ள எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். காலடி மட்டும் பழகிய 60 நிமிடத்துக்கு 3 என்றால் 180. ஜோடியாக மோதிய 60 நிமிடத்துக்கு 7 என்றால் 420. கடிகாரத்துக்கு இரண்டும் ஒரு மணி நேரம்தான்.

போட்டி நெருங்கும்போது இந்தக் கணக்கு ரொம்ப அவசியம். வழக்கமான பயிற்சிக்கு 4 சொல்லும் பிள்ளை அதே பயிற்சிக்கு 8 சொன்னால், தூக்கமில்லையா, காய்ச்சலா, வெயிலா என்று விசாரித்து அன்றைக்குக் குறைத்துவிட வேண்டும். 'ஆசான் கண்ணுக்குத் தெரியாதா?' என்பார்கள். தேர்ந்த கண்ணுக்கு நிறையவே தெரியும். ஆனால் முப்பது பிள்ளைகள் ஒரே களத்தில் நிற்கும்போது உள்ளுக்குள் சோர்ந்தவன் தப்பிவிடுவான்.

ஒரு நோட்டு போதும். எல்லோர் முன்னாலும் கேட்டால் கெத்துக்காகக் குறைத்துச் சொல்வார்கள், தனித்தனியாகக் கேளுங்கள். என்ன எண் சொன்னாலும் திட்டாமல் எழுதிக்கொள்ளுங்கள்.