உலை நிறுத்தப்பட்டது, வெப்பம் நிற்கவில்லை

2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் அணு உலைகளை உடனே நிறுத்தாததால்தான் விபத்து நடந்தது, நிறுத்தியிருந்தால் வெப்பமும் அப்போதே நின்றிருக்கும் என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. பலரும் அதைப் பகிர்வதால் இந்த விளக்கம்.

மார்ச் 11 அன்று பிற்பகல் 2:46-க்கு நிலநடுக்கம் வந்ததுமே, ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3-ஆம் உலைகள் தானாகவே நின்றுவிட்டன. நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே போய், அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினை நின்றது. அந்த ஏற்பாடு சரியாகவே வேலை செய்தது.

ஆனால் அணுப்பிளவு நின்றாலும், அதில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். எந்தப் பொத்தானாலும் அதை நிறுத்த முடியாது. நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம், ஒரு நாள் கழித்துச் சுமார் அரை சதவீதம். குறைவாகத் தெரிகிறதா? 2-ஆம் உலையின் வெப்பத்திறன் 2381 மெகாவாட். அதில் அரை சதவீதம் கிட்டத்தட்ட 12 மெகாவாட். நொடிக்கு 4 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடும். சுனாமி டீசல் ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்ததால், குளிர்விக்கும் அமைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் இந்த வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் போனது.

சர்வதேச அணுசக்தி முகமை 2015-இல் வெளியிட்ட ஃபுகுஷிமா அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உலை நின்ற நேரத்தையும், அலை வந்து மின்சாரம் போன நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.