மேக்பெத்தை யாரும் கெடுக்கவில்லை

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது. "நல்ல வீரன்தான், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான்" என்பது ஒன்று. "விதி அப்படி, அந்த மூன்று சூனியக்காரிகளும் சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்" என்பது இன்னொன்று. இரண்டுமே சப்பைக்கட்டு என்பது என் கட்சி. அந்த ஆள் தெரிந்தே கெட்டான். உட்கார்ந்து யோசித்து, தன் ராஜாவைக் கொல்வது தப்பு என்று வாய்விட்டுச் சொல்லி, வேண்டாம் என்று முடிவும் எடுத்துவிட்டு, அப்புறம் போய்ச் செய்தான்.

சூனியக்காரிகள் சங்கதியை முதலில் முடித்துவிடலாம். நீ காடார் பிரபு ஆவாய், பிற்பாடு ராஜாவும் ஆவாய் என்கிறார்கள். யாரையும் கொல்லச் சொல்லவில்லை. கூடவே நின்ற சக தளபதி பாங்க்வோவுக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள், உன் வம்சம் ஆளும் என்று. அவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லையே? மேக்பெத்துக்கோ காடார் பட்டம் வந்து சேர்ந்த அந்த நிமிஷமே மனதுக்குள் கொலை வந்து நிற்கிறது. மயிர்க்கூச்செறிகிறது, நெஞ்சு விலாவில் இடிக்கிறது என்று அவனே சொல்கிறான். விதி என்னை ராஜா ஆக்குவதாக இருந்தால் நான் அசையாமலே ஆக்கட்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறான். ஆக, சும்மா இருக்கும் வழியும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய காடார் பிரபு துரோகம் செய்து மரணதண்டனை வாங்கியவன். அவனை நினைத்து டங்கன் ராஜா வருத்தப்படுகிறார்: முகத்தைப் பார்த்து மனதை அறிய ஒரு வித்தையும் இல்லை, அவனை முழுசாக நம்பியிருந்தேன் என்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் புதிய காடார் பிரபு உள்ளே நுழைகிறான். ராஜா அவனை வாயாரப் புகழ்கிறார். நல்ல இயக்குநர் கையில் இந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சங்கடமான சிரிப்பு எழும். மகன் மால்கம்தான் வாரிசு என்று ராஜா அறிவித்ததும், நட்சத்திரங்களே, வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள், என் கறுத்த ஆசையை யாரும் பார்க்க வேண்டாம் என்று மேக்பெத் முணுமுணுக்கிறான். கவனியுங்கள், அவன் மனைவி இன்னும் மேடைக்கே வரவில்லை. சூனியக்காரிகள் சொன்னதைப் பற்றி அவன் எழுதிய கடிதத்தைக்கூட அவள் இனிமேல்தான் படிக்கப் போகிறாள்.

முதல் அங்கத்தின் ஏழாம் காட்சிதான் இந்த நாடகத்தின் உயிர். உள்ளே விருந்து நடக்கிறது. மேக்பெத் பாதியில் எழுந்து வெளியே வந்து தனியாக நிற்கிறான். டங்கன் என் உறவினர், என் அரசர், இன்றைக்கு என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வராமல் கதவைச் சாத்த வேண்டியவன் நானே கத்தியோடு போவதா? அவர் நல்லவர், அவர் குணங்களே தேவதூதர்கள் மாதிரி எக்காளம் ஊதி இந்தப் பழியை உலகுக்குச் சொல்லும். இப்படி ஒவ்வொன்றாக அடுக்குகிறான். கொல்வதற்கு என்ன காரணம் என்று தேடினால் பேராசை ஒன்றுதான் கையில் சிக்குகிறது. அவனுக்கு எதிராக ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தாலும் இதைவிட நன்றாக வாதாடியிருக்க முடியாது. மனைவி வந்ததும், இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடலாம் என்கிறான்.

அவள் கோழை என்கிறாள், ஆண்பிள்ளைதானா என்கிறாள், பால் குடிக்கும் குழந்தையை அறைந்து கொல்வேன் என்கிற அளவுக்குப் போகிறாள். சரி, கொடுமையான பேச்சுதான். ஆனால் அதற்கு அவன் கேட்கும் கேள்வி என்ன? 'தோற்றுவிட்டால்?' அவ்வளவுதான். உறவினர், அரசர், விருந்தாளி எல்லாம் எங்கே போனார்கள்? தப்பா சரியா என்ற வழக்கு எப்போது மாட்டிக்கொள்வோமா மாட்டோமா என்று மாறியது? அவள் திட்டத்தைச் சொல்லி முடித்ததும், தூங்குகிற காவலர்கள் மேல் ரத்தத்தைப் பூசி அவர்கள் கத்தியையே பயன்படுத்தினால் ஊர் நம்பும் அல்லவா என்று விவரம் சேர்ப்பவனும் அவன்தான். தள்ளிவிடப்பட்டவன் இப்படிப் பேசுவானா?

டங்கன் கொலைக்குப் பின் நடக்கும் கொலைகளில் அவளுக்குப் பங்கே இல்லை. காவலர்களை மறுநாள் காலை வெட்டியது அவன் சொந்த யோசனை. பாங்க்வோவைக் கொல்ல ஆள் ஏவியதை அவளிடம் சொல்லக்கூட இல்லை. தெரியாமலே இரு கண்ணே, முடிந்த பிறகு பாராட்டு என்கிறான். அந்தக் கூலியாட்களைத் தூண்ட அவன் எடுப்பது எந்த ஆயுதம் தெரியுமா? நீங்கள் ஆம்பளைகள்தானா என்ற அதே கேள்வி. பிறகு மெக்டஃப் என்ற பிரபு இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டான் என்றதும், அவன் இல்லாத கோட்டைக்குக் கொலைகாரர்களை அனுப்பி மனைவியையும் பிள்ளைகளையும் தீர்க்கிறான். அரசியலாகப் பார்த்தால்கூட இதில் நயா பைசா லாபம் கிடையாது.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கு. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹோலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து. அதில் டங்கன் ஆளத் தெரியாத மென்மையான ராஜா, பாங்க்வோ கொலைக்கு உடந்தை, மேக்பெத் முதல் பத்து வருஷம் நன்றாகவே ஆள்கிறான். உண்மையான மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவர். பாங்க்வோ வெள்ளையடிக்கப்பட்டதற்குக் காரணம் எளிது. 1603ல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னர் தன்னைப் பாங்க்வோ வம்சம் என்று நம்பியவர், நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். மற்ற மாற்றங்களை இப்படி அரசவைக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. மோசமான ராஜாவைக் கொன்றான், நல்லாட்சி தந்தான் என்று மேக்பெத்துக்கு மிச்சம் இருந்த சாக்குகளை எல்லாம் நாடகாசிரியர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிய கையோடு நாடகத்திலேயே அழகான கவிதையை அவன் வாயில் வைத்தார். இது பெரிய குறும்பு. நாம் அவன் பக்கம் சாய்வதற்குப் பாதிக் காரணம் அந்த மொழிதான்.

மீதிப் பாதி அவன் படும் வேதனை. அதையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கொலை முடித்து ரத்தக் கையோடு வருகிறான். பிரார்த்தனைக்கு ஆமென் சொல்ல நாக்கு எழவில்லை என்கிறான், தூக்கத்தையே கொன்றுவிட்டேன் என்கிறான், கடல் தண்ணீர் முழுவதும் ஊற்றினாலும் இந்தக் கை சுத்தமாகாது என்கிறான். கேட்க நெஞ்சு பதறுகிறது. ஆனால் எல்லாம் என் நாக்கு, என் தூக்கம், என் கை. உள்ளே கிடக்கும் கிழவரை நினைத்து அவன் பேசுவது ஒரே ஒரு வரி, கதவு தட்டும் சத்தம் கேட்டதும்: டங்கனை எழுப்ப முடிந்தால் எழுப்பேன் என்று. பாங்க்வோவின் ஆவி வந்தபோது பயந்தான், நண்பனுக்காக அழவில்லை. ஐந்தாம் அங்கத்தில் முதுமைக்குரிய மரியாதை, அன்பு, நண்பர் கூட்டம் எதுவும் எனக்கு இல்லை என்று புலம்புவதும் தன் நஷ்டக் கணக்குதான். உறுத்துகிறது என்பதற்காக ஒருவனுக்கு நல்லவன் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டேன், என் வாதத்துக்கு அடங்காத ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசிப் போரில் மெக்டஃப் எதிரே வந்து நிற்கிறான். மேக்பெத் சொல்கிறான்: எல்லாரையும் விட்டு உன்னைத்தான் தவிர்த்து வந்தேன், திரும்பிப் போ, உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாவில் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. பயத்தில் சொல்கிறான் என்று பலர் எழுதுகிறார்கள். மெக்டஃபிடம் ஜாக்கிரதை என்று சூனியக்காரிகளிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்திருந்தது உண்மைதான். ஆனால் பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தனக்கு ஆபத்தில்லை என்று அங்கேயே கிடைத்த வாக்கை அவன் அந்த நிமிஷம் வரை கெட்டியாக நம்புகிறான். தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் நான் என்று மெக்டஃப் சொல்வது இதற்குப் பிறகுதான். ஜெயிப்போம் என்ற நினைப்பில் இருப்பவன் எதிரியை ஏன் திரும்பிப் போகச் சொல்ல வேண்டும்? அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் கொல்ல முடிவெடுத்த பிறகு அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன், முதல் முறையாக அவர்கள் கணக்கை எடுக்கிறான். இந்த வரியை மிரட்டலாகப் பேசும் நடிகர்கள் உண்டு. அப்படிப் பேசினால் என் கட்சி ஜெயிக்கும், நாடகம் கொஞ்சம் தோற்கும்.