யூபிஎஸ்ஆர் போனதால் சோதனையே போய்விட்டதா?

"யூபிஎஸ்ஆர் (மலேசியாவின் ஆறாம் ஆண்டுத் தேர்வு), பிடி3 (மூன்றாம் படிவத் தேர்வு) இரண்டும் ரத்தாச்சு, வீட்டில் படிக்கும் பிள்ளை போர்ட்ஃபோலியோ (செய்த பாடவேலைகளின் தொகுப்பு) காட்டினாலே அரசுப் பல்கலைக்கழகம் போகலாம்" என்று கோலாலம்பூர்ப் பெற்றோரிடையே புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றும் செய்தி தவறு.

யூபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் ரத்தானது உண்மை. ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் படிப்பவர் அதைத் தனியார் தேர்வராக, அதாவது பள்ளி வழியாக அல்லாமல், எழுதலாம். மலாய்மொழி, வரலாறு இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும், மற்றதில் எத்தனை ஏ வாங்கினாலும் சான்றிதழ் கிடைக்காது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட்டும் (சி அல்லது அதற்கு மேலான தரம்) வேண்டும். பிரிட்டிஷ் பாடத்திட்டத் தேர்வான ஐஜிசிஎஸ்இ மட்டும் எழுதும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

போர்ட்ஃபோலியோ வீணில்லை, கட்டாயம் வையுங்கள். தாளுக்குத் தாள் தேதி போடுங்கள். கட்டுரையின் முதல் வரைவையும் சிவப்பு மையில் திருத்தியதையும் சேர்த்தே கோப்பில் இடுங்கள். அழகான இறுதிப் படி மட்டும் இருந்தால் பிள்ளை எங்கே தடுமாறி எப்படித் தேறியது என்று தெரியாது. ஆரம்பக்கல்வி 2003 முதல் கட்டாயம் என்பதால், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்கக் கல்வி அமைச்சு தரும் விலக்குக் கடிதமும் அதே கோப்பில் இருக்கட்டும்.