மேலே ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள்

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். அந்தப் படத்தையும் அதற்குக் கீழே வந்த கமெண்டுகளையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. பழைய வீடுகளைப் பார்க்கும் நம் நடையில், பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குப் போனோம். கூரையைப் பார்த்துவிட்டு நான் ஏறாமல் நின்றேன், மற்றவர்கள் ஏறிப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த வீட்டு மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள். "கீழேயே நின்ற அக்காவுக்குச் சமர்ப்பணம்" என்று தலைப்பு. அந்த அக்கா நான்தான். நேற்று இரவு ஒரு தம்பி, "நூறு வருஷமா நிக்கிற வீடு, நாம ஏறினதும் விழுந்துடுமா அக்கா?" என்று கேட்டிருந்தார். அதற்கு முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விழும், தம்பி. நூறு வருஷம் நின்றது நேற்று வரைக்குமான கணக்கு. அதிலும் ஆள் குடியிருந்த வருஷங்களைச் சேர்த்து எண்ணுகிறீர்கள். ஆள் இருந்தவரை மழைக்கு முன்னால் யாராவது மேலே போய், மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பில் அடைத்த சருகை அள்ளினார்கள். வெடிப்பில் சுண்ணாம்பு பூசினார்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்கிப் போட்டார்கள். கதவைப் பூட்டிய நாளிலிருந்து கணக்கு வேறு. அந்த வீடு பூட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஏழு பேரில் ஒருவராவது காவல்காரத் தாத்தாவிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன். இருபத்தாறு.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்: கூரையைக் கீழேயிருந்து பார்க்காமல் மேலே ஏறாதீர்கள். வீட்டுக்குள் போகாதே என்று சொல்லவில்லை, படம் எடுக்காதே என்று சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறுங்கள் என்றேன்.

அந்தக் கூரை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் படிக்கட்டில் நின்றுவிட்டேன் என்று புரியும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றி ஓடு. கூடங்களுக்கு மேலே பல வீடுகளில் மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, அதன் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைச் சாய்வரிசையில் குத்துக்கல்லாக வைத்து, சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. மொத்தப் பாரமும் அந்தக் கட்டைகளின் மேல்தான். கட்டையின் பாரம் முழுக்கச் சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் இரண்டு முனைகளில். அந்த முனைதான் முதலில் போகும். வைரம் பாய்ந்த தேக்கு, கரையான் தொடாது என்கிறீர்கள். சரி. ஆனால் தூம்பு அடைத்து, தண்ணீர் நின்று, ஓதம் இறங்கிய சுவருக்குள் வருஷக்கணக்கில் ஊறிக் கிடக்கிற முனைக்கு எந்த வைரமும் காவல் இல்லை. கட்டையின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும், முனை உளுத்திருக்கும். மேலேயிருந்து பார்த்தால் தட்டோடுதான் தெரியும், அதுவும் அழகாக.

அந்த வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்றால் ஒரு கட்டையின் முனை கைக்கு எட்டும். நீங்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் மேலே போனீர்கள். சுவரில் இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்பாக நீர்த்தழும்பு. அதன் ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. கட்டையும் சுவரும் சேரும் இடத்தில் என் வீட்டுச் சாவியை வைத்து அழுத்தினேன். சாவி உள்ளே போய்விட்டது. தேக்குக் கட்டைக்குள் சாவி போகக் கூடாது. வெளியே எடுத்தபோது காப்பித்தூள் மாதிரி கையில் கொட்டியது. அண்ணாந்து பார்த்தேன். அடுத்த இரண்டு கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டையே இல்லை, சுவரில் சதுரமாக இரண்டு ஓட்டை. பழைய பர்மாத் தேக்குக்கு இன்றைக்கும் நல்ல விலை இருக்கிறது, யாரோ அறுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றன. படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் அதற்கு நேர் மேலே நிற்கிறார். "வேண்டாம், ஏறாதீங்க" என்று நான் கத்தியது தலைசுற்றலால் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தலை சுற்றாது. பதினான்கு வருஷமாகக் கட்டுமான வேலையில் மேற்பார்வை செய்கிறேன். சாரத்தில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு.

சித்தப்பாவைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் "ஏறிப் பார்த்தோம், ஒண்ணும் ஆகல" என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது சித்தப்பா ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தார். மழைக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறி ஒழுகல் பார்ப்பது அவர் வேலை. ஐந்து வருஷமாக அதே கூரையில் ஏறியவர். அந்த ஷீட் வெயிலிலும் மழையிலும் கிடந்து நாளுக்கு நாள் நொறுங்கும் தன்மைக்கு வரும், மேலே பாசி படிந்து ஒரே நிறமாகத் தெரியும். போல்ட் வரிசை போகிற இடத்தில் கீழே இரும்புச் சட்டம் இருக்கும், அதில் பலகையைப் போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். அன்றைக்குப் பலகை கிடைக்கவில்லை. போன வருஷமும் இப்படியே நடந்தேனே என்று போயிருக்கிறார். ஒரு கால் சட்டத்தை விட்டு விலகியிருக்கிறது. வெடிச்சத்தம் மாதிரி கேட்டதாம், அடுத்த நொடி நெல் காயப்போடும் களத்தில் கிடந்தார். பதினெட்டு அடி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் கட்டிலில் இருந்தார். சித்தி அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கு நானும் கை கொடுத்திருக்கிறேன், முதுகுப்புண் வாசனை எனக்குத் தெரியும். "போன வருஷமும் ஏறுனேன்டா, ஒண்ணும் ஆகலையே" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாக்கியத்தை உங்கள் கமெண்டில் படித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

இனி உங்கள் கேள்விகள். "சுவர் ஓரமா நடந்தா போதும், நடுவுல போனாத்தான் ஆபத்து" என்று ஒருவர் விளக்கமாக எழுதியிருக்கிறார். கட்டை நன்றாக இருந்தால் அது சரிதான், ஓரத்தில் நின்றால் கட்டை வளைவது குறையும். முனை உளுத்த கட்டைக்கு நீங்கள் நிற்கும் அந்த ஓரம்தான் மோசமான இடம். "குதிச்சுப் பார்த்தோம், அசையல" என்று இன்னொருவர். குதித்துப் பார்ப்பது சோதனை இல்லை ஐயா, கூரை தாங்காவிட்டால் அந்தக் குதியோடு நீங்களும் கீழே போவீர்கள். தட்டிப் பார்க்க வேண்டும் என்றால் கீழே நின்று, நீளக் கழியால், தலைக்கு நேரே இல்லாத இடத்தில் தட்ட வேண்டும். கெட்டியாக இருந்தால் ணங்கென்று சொல்லும், காரை பிரிந்திருந்தால் பொத்தென்று சொல்லும்.

"கான்கிரீட் கட்டடம்னா பயமில்லையே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காரையைத் தள்ளிப் பெயர்க்கும். அடியில் கம்பி தெரிந்தால், கம்பி ஓடும் வரிசையில் நீளமாக வெடிப்பு இருந்தால், தளம் நடுவில் தொங்கினால் அதன் மேல் போகாதீர்கள், அதன் கீழேயும் நிற்காதீர்கள். ஒரு விஷயத்தில் நான் சொல்லும் முறையும் போதாது என்று ஒத்துக்கொள்கிறேன். பால்கனி, சன்ஷேடு இவற்றுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அங்கே துருப்பிடித்தால் அடிப்பக்கம் சுத்தமாகத் தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாக மடங்கும். அதனால் கைவிட்ட கட்டடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் நான் கால் வைப்பதில்லை, அதற்கு விதிவிலக்கே கிடையாது. மழை முடிந்த வாரத்தில் எந்த மட்டப்பாவிலும் ஏறுவதும் இல்லை. பத்துக்குப் பத்து அறையின் மேல் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றாலே ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. காய்ந்த சுண்ணாம்பும் செங்கல்லும் குடித்த தண்ணீர் தனி.

"இப்படிப் பயமுறுத்தினா யாரும் பழைய வீடுகளைப் பார்க்க வரமாட்டாங்க" என்று ஒரு குற்றச்சாட்டு. வராவிட்டால் வராமல் இருக்கட்டும்.

தனுஷ்கோடியில் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கூரை போன சுவர்கள் அங்கே நிற்கின்றன. சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதில் கூரைக்கும் பங்கு உண்டு. கூரை போன உயரமான சுவர் தனி மரம், உப்புக்காற்றில் வருஷாவருஷம் அரிக்கிறது. அந்தத் தேவாலயச் சுவரில் ஒருவர் குழந்தையை ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுத்ததைப் பார்த்தேன். இறக்குங்கள் என்று சொன்னதற்கு, "நீங்க யாரு?" என்றார். நான் யார் என்பதுதான் எங்கேயும் முதல் கேள்வியாக இருக்கிறது.

சொல்கிறேன். நான் கொத்தனார் மகள். அப்பா சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறை. மராமத்து வேலைக்குப் போகும்போது விடுமுறை நாளில் என்னையும் கூட்டிப்போவார். வாசலில் நின்று, "அண்ணாந்து பாத்துட்டு உள்ள வா தாயி" என்பார். கட்டைக்குக் கட்டை சுவரோரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பார். ஒருமுறை ஒரு வீட்டுக்காரரிடம், இந்தக் கூடத்தில் யாரையும் படுக்கவைக்காதீர்கள் என்று சொன்னார். வேலைக்கு வழி பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. அந்த ஆடி மாதம் அந்தக் கூடத்தின் மூலை இறங்கிவிட்டது. பகல் நேரம், ஆள் இல்லை, தப்பித்தார்கள். அப்பாவை யாரும் வந்து பார்க்கவில்லை.

மேலை நாட்டு யூடியூபர் ஒருவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இதையே சொன்னால் மொழிபெயர்த்துப் பகிர்கிறீர்கள். கொத்தனார் சொன்னால் பிழைப்புக்குச் சொல்கிறான், பொம்பளை சொன்னால் தலைசுற்றல். இதுதான் எனக்கு வலிக்கிறது, கூரையைவிட இதுதான்.

அப்புறம் அந்தக் காவல்காரத் தாத்தா. அவருக்கு எழுபது வயசு. அந்த வீட்டுப் பங்காளிகள் சென்னை, மலேசியா என்று சிதறிக் கிடக்கிறார்கள், பாகம் பிரியவில்லை, அதனால் மராமத்துக்கு யாரும் பணம் போடுவதில்லை. சாவி மட்டும் தாத்தாவிடம். மேலே ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் முதலில் யாரை விசாரித்திருக்கும்? நீங்கள் இறங்கி வரும்வரை அவர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. "எறங்கச் சொல்லு ஆத்தா, எறங்கச் சொல்லு" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார். உங்கள் படத்தில் அவர் இல்லை.

என்னைக் கேலி செய்த பதிவை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. இருக்கட்டும். அடுத்த மாத நடைக்கு நான் வருகிறேன், கழியும் டார்ச்சும் கொண்டுவருகிறேன், முதலில் அரை மணி நேரம் கீழேயே நிற்போம். முடியாது என்பவர்கள் என்னை அழைக்க வேண்டாம். அந்தக் கட்டை முனையையும், சாவி உள்ளே போன இடத்தையும், பக்கத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் அன்றைக்கே படம் எடுத்து வைத்திருந்தேன். முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். உங்கள் படத்தையும் அதன் பக்கத்தில் வைத்து, யார் எந்தக் கட்டையின் மேல் நின்றீர்கள் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.